ஓவனில் வைக்காத துண்டு

இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து சில நாட்களே ஆன உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது, எந்த மாதிரியை எவ்வளவு எடை எடுப்பது என்பதையெல்லாம் கையேடு என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் ஓய்வுபெற்றவன். கையேட்டில் எழுத முடியாத ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கொருக்குப்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒருவர் எங்களிடம் வாடிக்கையாக வருவார். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. வாழைமட்டை நாரைச் சீவி, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும்போதே இயந்திரத்தில் அழுத்திக் கட்டிகளாகச் செய்வார். பட்டறைத் தரையில் எண்ணெய் சிந்தினால் அந்த நாரைப் பிரித்துப் போட்டால் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஏற்றுமதிக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஆனால் கப்பல்காரர்கள் ஒரு சான்று கேட்டார்கள். தண்ணீர் பட்டால் வீங்கும் சரக்கு என்றால் அவர்களுக்குக் கிலி. வீங்கும் சரக்கு இரும்புச் சுவரையே நெட்டித் தள்ளும். அதனால் இந்த நாரின் துளைகளை அளந்து, எவ்வளவு தண்ணீர் குடிக்கும், எவ்வளவு வீங்கும் என்று சொல்லுங்கள் என்று எங்களிடம் வந்தார்.

தாவர நார் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் குழாய்களின் கட்டு மாதிரி இருக்கும். அந்தக் குழாய்களின் சுவரில் இன்னும் நுண்ணிய துளைகள் உண்டு. செடி உயிரோடு இருக்கையில் அவற்றில் தண்ணீர் நிறைந்திருக்கும். எங்களிடம் அப்போது இருந்த முறை, துளைக்குள் வாயுவைச் செலுத்தி அளப்பது. வாயு போக வேண்டுமென்றால் உள்ளே தண்ணீர் இருக்கக் கூடாது. ஆகவே முதல் வேலை, மாதிரியை ஓவனில் வைத்துச் சொட்டு ஈரம் இல்லாமல் காயவைப்பது. எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். விதிமுறையும் அதுதான்.

அளந்தோம். நுண்துளைகள் மிகக் குறைவு என்று வந்தது. நனைத்தும் பார்த்தோம், பெரிதாக வீங்கவில்லை. ஆனால் நாங்கள் நனைத்தது ஓவனிலிருந்து வந்த அதே துண்டைத்தான். அது எங்கள் யாருக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை. எங்கள் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் என்னைவிட வயதில் சிறியவர். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். ஒரு எண்ணில் சந்தேகம் என்றால் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்காரும் ரகம். அவர் எல்லாவற்றையும் சரிபார்த்து, வீக்கம் குறைவு என்று எழுதிக் கையெழுத்திட்டார். அண்ணாச்சியும் அதை நம்பி, தன் குடோனில் கட்டிகளைச் சுவரோரம் வரை, கூரைக்குப் பக்கம் வரை அடுக்கினார்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் எங்களுக்குப் புதிய கருவி வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் காந்த இயந்திரத்தின் சின்னத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியைக் காயவைக்க வேண்டாம். நனைந்தபடியே கண்ணாடிக் குழாயில் போட்டுக் காந்தத்துக்குள் வைத்தால் போதும். ரேடியோ அலையால் ஒரு தட்டு. அந்தத் தட்டில் கலங்கிய தண்ணீர், பெரிய துளையில் இருந்தால் நிதானமாக அடங்கும், சின்னத் துளையில் மாட்டிக்கொண்டிருந்தால் சட்டென்று அடங்கும். அடங்கும் வேகத்தை வைத்துத் துளையின் அளவைக் கணிக்கலாம். நார் உள்ளே எப்படிப் போனதோ அப்படியே வெளியே வரும்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. ராயபுரத்தில் நம் கூடம் இருக்கும் தெருவில் முழங்காலளவு தண்ணீர். பாதிப் பேர் வேலைக்கு வர முடியவில்லை. வந்த நான் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், புதிய கருவியைப் பழகலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு துண்டை டப்பாவில் மூடி ஒதுக்கி வைப்போம் அல்லவா? அந்த அலமாரியில் கைக்கு முதலில் கிடைத்தது அண்ணாச்சியின் வாழைநார். ஓவனைப் பார்க்காத துண்டு. குழாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, பிறகு கருவியில் வைத்தேன்.

திரையில் வந்ததைப் பார்த்ததும் கருவி கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைத்தேன். எங்கள் அறிக்கை எந்த அளவுத் துளைகள் இல்லவே இல்லை என்று சொன்னதோ, அந்த அளவில்தான் தண்ணீர் முக்கால்வாசி உட்கார்ந்திருந்தது. வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தேன், கருவி சரியாகத்தான் சொன்னது. பிறகு பழைய துண்டை, ஓவனில் காய்ந்ததை, அதேபோல ஊறவைத்துப் பார்த்தேன். எங்கள் அறிக்கை சொன்னது அச்சு அசலாக வந்தது. துளைகள் இல்லை.

ஒரே கட்டியிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகள். ஒன்றில் ஆயிரம் வாசல்கள், மற்றதில் எல்லாம் அடைத்துக் கிடந்தன. அடைத்தது எங்கள் ஓவன். தண்ணீர் போகப் போகத் துளையின் சுவர்கள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்கின்றன. திரும்ப நனைத்தால் அவை திறப்பதில்லை. நாங்கள் அளந்தது அண்ணாச்சியின் நாரை அல்ல. எங்கள் கையால் வேறொன்றாக்கிய பிறகு மிஞ்சியதை.

முதல் குழாயைக் கழுவலாம் என்று எடுத்தபோதுதான் கவனித்தேன். நார் உள்ளே பிதுங்கிக் கண்ணாடியோடு இறுகியிருந்தது. குழாயில் மேலிருந்து கீழ் வரை ஒரு கீறல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீறல் இன்னும் கொஞ்சம் இறங்கியது. சத்தமே இல்லை. அண்ணாச்சியின் குடோன் நினைவுக்கு வந்தது. அந்தக் கட்டியை எடுத்துவரக் குடோனுக்குப் போனவன் நான். ரயில்வே கூட்ஸ் ஷெட் பக்கம் தாழ்வான இடம். குடோனின் பின்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒரு சந்து நிறைய வீடுகள். அந்தப் பகுதியில் தண்ணீர் நிற்கிறது என்று காலையிலிருந்தே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேடம் எப்படியோ நனைந்துகொண்டு வந்து சேர்ந்திருந்தார். இரண்டு வரைபடங்களையும் உடைந்த குழாயையும் அவர் மேசையில் வைத்தேன். கையெழுத்து அவருடையது. எங்கள் வழக்கம் என்ன? வேறொருவர் திரும்பச் செய்ய வேண்டும், குழு கூடிப் பார்க்க வேண்டும், அதன் பிறகே வெளியே ஒரு வார்த்தை. ஒரே ஒரு துண்டை வைத்துக்கொண்டு பேசுபவனை நாங்களே கேலி செய்திருக்கிறோம். மேடம் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

“இது தப்பா இருந்து நாம போய்ச் சொன்னா என்ன ஆகும்?”

“நம்மளப் பார்த்துச் சிரிப்பாங்க.”

“சரியா இருந்து சொல்லாம விட்டா?”

அவரே போனை எடுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டார். நான் கொடுத்த அறிக்கையை இந்த நிமிஷமே திரும்ப எடுத்துக்கொள்கிறேன், எழுத்தில் பின்னால் வரும், முதலில் குடோனிலிருந்து ஆட்களை வெளியேற்றுங்கள் என்றார். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். மேடம் சொன்னதையே திரும்பச் சொல்லிவிட்டு வைத்தார்.

இருவரும் கூடத்து ஜீப்பில் குடோனுக்குக் கிளம்பினோம். வழியிலிருந்த பாலத்துக்கு இந்தப் பக்கமே அது தண்ணீரில் நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். போகிற வழியில் மழை விட்டது. கொருக்குப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் வெயிலே அடிக்க ஆரம்பித்துவிட்டது. மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்திருந்தார்கள். ஜனங்கள் பாயையும் மெத்தையையும் வெளியே காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் ஆபத்து முடிந்துவிட்ட முகங்கள். எனக்கு ஒரு கணம், நாம் பைத்தியக்காரர்களோ என்று தோன்றியது.

அண்ணாச்சி குடோன் வாசலில் நின்றார். கோபமாகத்தான் இருந்தார். “தண்ணி வடிஞ்சு போச்சுல்லா மேடம். நேத்தே விழாத சுவரு இன்னைக்கு வெயில்ல விழப் போவுதா? என்ன பேச்சு பேசுதீங்க?” என்றார். உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். கீழ்வரிசைக் கட்டிகள் நனைந்து கறுத்திருந்தன. முன்பு நான் வந்தபோது அடுக்குக்கும் பின்சுவருக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். இப்போது அங்கே விரல்கூட நுழையாது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். அவரும் வியாபாரி, தன் சரக்கின் அகலம் அவருக்குத் தெரியாதா? வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார்.

மேடம் விளக்கினார். அழுத்திய கட்டி தண்ணீரை உடனே குடிக்காது, மெல்ல மெல்ல உள்ளே இழுக்கும். தரையில் தண்ணீர் வடிந்தாலும், வெளிப்பக்கம் குடித்த தண்ணீர் உள்பக்கம் போய்க்கொண்டேதான் இருக்கும். இன்றைக்குத்தான் அது பாதி வழியில் இருக்கிறது.

கீழ்வரிசையை உருவி எடுத்துவிட்டால் என்ன என்று லோடுமேன்கள் கேட்டார்கள். அண்ணாச்சி அடுக்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். வருஷம் முழுக்கச் சேர்த்த சரக்கு அது. “சரக்கு போனா போவட்டும். எலே, எல்லாரும் வெளிய வாங்கலே,” என்று சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சை அணைக்கப் போனார்.

நானும் மேடமும் பின்பக்கச் சந்துக்கு ஓடினோம். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குடும்பங்கள் தண்ணீரை இறைத்த கையோடு திரும்பியிருந்தன. வீடு வீடாகத் தட்டிச் சொன்னேன். நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன், பேச்சு அவர்கள் பேச்சுதான். சிலர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்கள். அமுலு என்று ஒரு பெண் மட்டும் அசையவில்லை. வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக் கொட்டிவிட்டு அப்போதுதான் அடுப்பில் உலை வைத்திருந்தாள். அவள் வீட்டின் பின்சுவர்தான் குடோனின் சுவர்.

“மழை கொட்டும்போது ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இப்ப வெயிலு அடிக்குது, வந்து வூட்ட காலி பண்ணுன்றியே. இன்னா கதை இது?” என்றாள்.

“கதையில்லமா. அந்தக் கட்டிங்க இன்னும் தண்ணி குடிச்சிக்கினே கீது. மழ நின்னாலும் அது நிக்காது,” என்றேன்.

“செவுரு நல்லாத்தான கீது?”

பையிலிருந்த உடைந்த குழாயை எடுத்துக் காட்டினேன். அவள் அதை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணாடி உடையறதுக்குக் கேக்கணுமா என்ற பார்வை அது. அரிசியைக் களைய ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது மேடம், சேறு அப்பிய புடவையோடு வாசற்படியைத் தாண்டி உள்ளே போனார்.

“அந்தக் கட்டி வீங்காதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தாங்க. அதை நம்பித்தான் அவர் உங்க சுவர் வரைக்கும் அடுக்கினாரு. நான் எழுதினது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அமுலுவின் கை அரிசியிலேயே நின்றது. “நீ எழுதுனதாம்மா?” என்று கேட்டாள். மேடம் தலையாட்டினார். அமுலு அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். தப்பு என்று தானே வந்து சொல்கிற அதிகாரியை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். கையை உதறிவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு, “எங்க வூட்டுக்காரு உள்ள தூங்குறாரு. ஷிப்ட் முடிஞ்சி வந்தவரு, லேசுல எழுந்துக்க மாட்டாரு,” என்றாள்.

அவள் கணவர் டில்லி, எண்ணூரில் நிலக்கரி இறக்கும் இடத்தில் வேலை. பின்னறையில் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். நான்தான் உள்ளே போனேன். தோளைப் பிடித்து உலுக்கும்போது, என் பின்கழுத்தில் ஏதோ பொடியாக விழுந்தது. சுண்ணாம்பு. நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் அடித்திருந்த பலகையில் எவர்சில்வர் தட்டுகள் வரிசையாக நிறுத்தியிருந்தன. அவை ஒவ்வொன்றாக முன்னால் சாய்ந்துகொண்டிருந்தன. யாரும் தொடவில்லை. பலகைக்குக் கீழே சுவர், நிறைமாதக்காரியின் வயிறு மாதிரி அறைக்குள் புடைத்திருந்தது. நான் உள்ளே வரும்போது அது அப்படி இருந்ததா, இப்போதுதான் ஆனதா, எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

டில்லியின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன். அவர் தூக்கத்தில் என்னை உதறினார். மேடம் வந்து கால்களைப் பிடித்தார். பாதித் தூக்கத்தில் இருந்தவரைத் தரையோடு இழுத்து வாசலுக்குக் கொண்டுவந்தோம். சந்தில் விட்டதும் அவர் எழுந்து என் சட்டையைப் பிடித்து, “யார்ரா நீ?” என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன் அவர் பார்வை என் தோளுக்குப் பின்னால் போயிற்று. பிடி தளர்ந்தது.

பெரிய சத்தம் வரும் என்று நீங்கள் நினைப்பீர்கள். முதலில் தட்டுகள் விழுந்தன. பிறகு செங்கற்கள், யாரோ உள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவது மாதிரி விழுந்தன. அதன் பிறகு சுவர் முழுதும் ஒரே மூச்சில் கட்டில் மேல் சாய்ந்தது. அத்தோடு முடிந்திருந்தால் நான் அதை மறந்திருப்பேன். விழுந்த சுவருக்குப் பின்னாலிருந்து அந்தப் பழுப்பு நார் வந்தது. உடைந்த கட்டிகள், அவிழ்ந்த நார், ஈரமாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. அறையை நிரப்பிக்கொண்டு, அடுப்பை மூடிக்கொண்டு, வாசற்படி வரை வந்து நின்றது. சந்தில் அத்தனை பேர் நின்றிருந்தார்கள். மேடம் என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

உயிர்ச்சேதம் இல்லை. அண்ணாச்சி தன் இன்னொரு கட்டடத்தைத் திறந்து அந்தக் குடும்பங்களைத் தங்கவைத்தார். வீடுகளைத் திரும்பக் கட்டிக் கொடுத்த பிறகுதான் குடோனைத் தொட்டார். அவருக்கு எங்கள் மேல் கோபம் தீர வெகுகாலம் ஆயிற்று. அது நியாயம்தான்.

கூடத்தில் விசாரணை நடந்தது. ஒற்றை மாதிரியை வைத்துக்கொண்டு குழுவைக் கேட்காமல் அறிக்கையை எப்படித் திரும்பப் பெறலாம் என்று மேடத்தைக் கேட்டார்கள். சுவர் விழுந்ததால் நீங்கள் தப்பித்தீர்கள், விழாமல் இருந்திருந்தால் கூடத்தின் பெயர் என்ன ஆகியிருக்கும் என்றார் ஒருவர். மேடம் சொன்னார்: விழாமல் இருந்திருந்தாலும் நான் செய்தது இதேதான், அப்போதும் இதே நாற்காலியில் உட்கார்ந்து உங்களுக்குப் பதில் சொல்லியிருப்பேன். அவர் குரலை உயர்த்தவில்லை. அதைக் கேட்டபோது எனக்குப் பட்டது ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். நம் முடிவு சரியா என்பதைச் சுவர் தீர்மானிக்கக் கூடாது. நீங்கள் வாய் திறக்க வேண்டிய நேரத்தில், சுவர் நிற்குமா விழுமா என்று உங்களுக்குத் தெரியாது.

சில வாரம் கழித்து டில்லியும் அமுலுவும் ராயபுரத்துக்கு எங்களைப் பார்க்க வந்தார்கள். தன்னைத் தரையில் இழுத்ததில் முதுகு சிராய்த்தது இன்னும் ஆறவில்லை என்று டில்லி சிரித்துக்கொண்டே சொன்னார். எந்த மிஷின் சொல்லித் தன் உயிர் பிழைத்தது என்று பார்க்க ஆசைப்பட்டார். காட்டினேன். காயவைத்து அளந்தால் துளை மூடிக்கொள்ளும், இதில் அப்படியில்லை என்று எளிமையாகச் சொன்னேன். அமுலு ஓவனைத் தொட்டுப் பார்த்தாள். டில்லி அலமாரிகளைப் பார்த்தார். சணல், பருத்தி, தென்னைநார், கற்றாழை நார் என்று பெயர் ஒட்டிய டப்பாக்கள், சுவர் முழுக்க. சாதாரணமாகத்தான் கேட்டார்.

“இதெல்லாம் எதுல வெச்சிப் பாத்தீங்க சார்?”

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சுவர் விழுந்தபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. அத்தனை வாரங்களாக வாழைநாரைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். அந்த டப்பாக்கள் ஒவ்வொன்றுக்கும் ஓவனில் காயவைத்து அளந்துதான் நாங்கள் ஒரு அறிக்கை கொடுத்திருந்தோம். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு குடோனில், ஒரு கப்பலில், ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு வைக்கும் பஞ்சில் நம்பப்பட்டுக்கொண்டிருந்தது.

அவர்கள் போன பிறகு மேடம் முதல் அலமாரியைத் திறந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, காயவைக்காமல் திரும்ப அளந்து, சரியானதைச் சரி என்றும் தப்பானதைத் தப்பு என்றும் வாங்கியவர்களுக்கு எழுதினோம். சிலர் நன்றி சொன்னார்கள். பலர் திட்டினார்கள். நான் ஓய்வுபெற்ற நாள்வரை அது முடியவில்லை. இன்று மதியம் உங்களுக்குத் திறந்துவிடப் போகிறார்களே, வலப்பக்கக் கடைசி அலமாரி, அதில் இருப்பவைதான் மிச்சம்.